டெலானியின் வானிலை தவறுவதேயில்லை

மேப்பிள் ஹாலோ, பென்சில்வேனியா
ஜனவரி 9

அன்புள்ள ரெஜினா அக்கா,

கையெழுத்து இப்படிக் கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துவிடு. ஒரு வரி மலை ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. நம் ஊர்ச் சாலை என்று நினைத்துக்கொள். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை பென்சில் சீவினேன், ஒரு முறை மேசையிலேயே தூங்கிவிட்டேன்.

ஆமாம், எழுதுவது நான்தான். உன் தம்பி எமில். இத்தனை வருஷம் உனக்கு வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்துகளில் என் பெயரையும் என் வீட்டுக்காரி டொலோரஸ்தான் போட்டாள். 'எமிலுக்கு வேலை அதிகம்' என்று அவள் எழுதியதெல்லாம் பொய். எமிலுக்கு எழுதத் தெரியாது. அவளும் போய் நான்கு வருஷம் ஆகிறது. எழுபத்தேழு வயதில் நானே கற்றுக்கொண்டேன்.

காரணம் கேபிள் டிவி. முப்பத்தொரு வருஷம் நான் கம்பம் கம்பமாக ஏறிக் கட்டிய அதே கேபிள். எனக்குச் சேனல் என்றால் எண். செய்தி 16, பேஸ்பால் 42, போல்கா நடனம் 7. போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, யாரையும் கேட்காமல் எல்லா எண்ணையும் மாற்றிவிட்டார்கள். 42-ஐ அழுத்தினால் ஒரு பெண் கேக் சுடுகிறாள்! போன் செய்தேன். "பேரைப் பாத்துப் போடுங்க சார், ரொம்ப ஈஸி" என்றது ஒரு குரல். பேரைப் பார்க்கத் தெரிந்தால் உனக்கு ஏன் போன் போடுகிறேன் என்று கேட்கவா முடியும்? "கேபிளே வேணாம், வந்து கழட்டிட்டுப் போங்க" என்றேன். வந்தவனுக்குக் கம்பத்தில் என் முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை. கீழே நின்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கடையில் இன்டர்நெட்டில் ஓடும் ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றும், உள்ளூர் சேனலுக்கு ஓர் ஆன்டெனாவும் கொடுத்தார்கள். பெட்டியில் எண்ணே கிடையாது, அக்கா. திரை முழுக்க எழுத்துகள். வேண்டியதை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டுமாம். ஒரு வாரம் அதை முறைத்துப் பார்த்தேன். அது அசைந்து கொடுக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். அங்கே அடித்தளத்து அறையில் அல்தியா அம்மையார் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். நான் முதன்முதலில் தட்டி வரவழைத்தது போல்கா. எழுந்து ஆடினேன். முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டதா? ஊன்றுகோலைக் கீழே வைத்தாயா?

அன்புடன்,
எமில்

*

மேசா, அரிசோனா
ஜனவரி 18

அன்புத் தம்பி எமிலுக்கு,

எலும்பு சேர்ந்துவிட்டது. ஊன்றுகோல் இருக்கிறது. நடப்பதற்கு அல்ல, பக்கத்து வீட்டுப் பூனைக்கு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுத்து கோணல்தான். நீ நடப்பதும் அப்படித்தானே. உனக்குப் படிக்கத் தெரியாது என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நம் தெரு நாய்க்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, பயப்படாதே.

இப்போது கேள். என் பேத்தி டெலானிக்கு வேலை கிடைத்துவிட்டது. உனக்குப் பக்கத்தில், ஸ்க்ரான்டன் டிவி நிலையத்தில், காலை ஆறு மணிக்கு வானிலை சொல்ல வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். ஸ்க்ரான்டன் கோபுரத்து அலை இரண்டாயிரம் மைல் தாண்டி இந்தப் பாலைவனத்துக்கு வந்து சேருமா, நீயே சொல். நம் குடும்பத்தில் அந்தக் கோபுரத்துக்குக் கீழே இருப்பவன் நீ ஒருவன்தான். ஆன்டெனாவும் வாங்கிவிட்டாய். தினமும் அவளைப் பார்த்து, வாரம் ஒரு கடிதம் எனக்கு எழுது. என்ன உடை, எப்படி நின்றாள், என்ன சொன்னாள் என்று எல்லாம் வேண்டும். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

ரெஜினா

*

மேப்பிள் ஹாலோ
ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

நான் நலம். காபிக்கு முன்னால் ஒரு பிஸ்கட் சாப்பிடுகிறேன்.

நீ என்னை நம்பியது எனக்குப் பெருமை. டெலானியைப் பார்த்தேன். நன்றாக நின்றாள். இரண்டு காலிலும். நல்ல உடை போட்டிருந்தாள். முழு உடை. புதன்கிழமை பனி விழும் என்றாள், விழுந்தது. வியாழக்கிழமையும் விழும் என்றாள், அதுவும் விழுந்தது. கெட்டிக்காரி.

ஆன்டெனா பிரமாதமாக வேலை செய்கிறது. முதலில் சமையலறையில் இருந்தது, பிறகு குளியலறை ஜன்னலில் இருந்தது, இப்போது மாடிப்படியில் இருக்கிறது. ஒரே இடத்தில் இருந்தால் அதற்கும் அலுத்துவிடும் அல்லவா?

வேறு விசேஷம் இல்லை.

எமில்

*

(பக்கத்து வீட்டுக் கதவில் குத்திய சீட்டு)

ஜனவரி 30

வென்டெல்,

உன் நீள ஏணி வேண்டும். ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்ற வேண்டும். சமையலறையில் முதல் நாள் மாட்டியபோது மூன்று சேனல் வந்தது. நகை விற்பவன், பிரசங்கம் செய்பவர், கௌபாய் படம். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதே மூன்றுதான். ஸ்க்ரான்டன் வரவில்லை. அக்கா பேத்தியை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்ததாக அக்காவுக்கு எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

எமில்

(அதே சீட்டின் அடியில்)

எமில், கதவில் குத்தி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாதே என்கிறாய். தபால்காரர் படித்துவிட்டார். நான் உள்ளேதான் இருந்தேன், தட்டியிருக்கலாம். ஏணி கொட்டகையில். நீ ஏறாதே, நான் ஏறுகிறேன். — வெ.

*

மேசா
பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இரண்டு காலில் நின்றாள் என்பது அவளைப் பெற்றவளுக்கும் நிம்மதி.

ஆனால் இன்னும் விவரமாக எழுது. வருஷா வருஷம் பிப்ரவரியில் குளிர் எப்போது போகும் என்று சொல்லுமே, அந்தக் குண்டு அணில் கிரவுண்ட்ஹாக், அது வளையை விட்டு வந்து நிழலைப் பார்த்ததாமே, இன்னும் ஆறு வாரம் குளிர் என்று. அதற்கு டெலானி என்ன சொன்னாள்? வேலைக்குச் சேர்ந்த முதல் செவ்வாயே நான் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்கார்ஃபைக் கட்டியிருந்தாளே, முடிச்சு இடது பக்கம் சரிந்து தொங்கியது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்.

இங்கே எலுமிச்சை பழுத்துவிட்டது. உனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

ரெஜினா

*

மேப்பிள் ஹாலோ
பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

எலுமிச்சை வந்தது. வென்டெலுக்குப் பாதி கொடுத்தேன். கூரையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான். ஏன் கூரைக்குப் போனான் என்று கேட்காதே, அவன் சுபாவம் அப்படி.

ஸ்கார்ஃப் நன்றாக இருந்தது. பச்சையாக இருந்தது. முடிச்சு சரிந்தது உண்மைதான், நீ வருத்தப்படுவாய் என்று எழுதாமல் விட்டேன். கிரவுண்ட்ஹாக்கைப் பற்றி டெலானி மரியாதையாகப் பேசினாள்.

போன செவ்வாய் மதியம் மூன்றே காலுக்கு ஆலங்கட்டி விழும் என்றாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். சரியாக மூன்றே கால், அக்கா! இதுவரை அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஆனால் ஊரில் பொறாமை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்து ஹாலில் தவக்கால மீன் சாப்பாடு. எதிரே ருடி உட்கார்ந்திருந்தான், என்னோடு கேபிள் வேலையில் இருந்தவன், இப்போது தீயணைப்பு வண்டி அவன் பொறுப்பில்.

"அந்தப் புதுப் பொண்ணு வெயில்னு சொன்னா, நான் குடையை எடுத்துக்கிட்டுத்தான் கெளம்புறேன்" என்றான்.

"யாரைடா சொல்ற? அது எங்க அக்கா பேத்தி."

"அப்படியா? அப்ப குடும்பத்துக்கே வானம் பாக்கத் தெரியாதுன்னு சொல்லு. நீதானே அன்னைக்கு மழை வராதுன்னு என்னைக் கம்பத்துல ஏத்திவிட்டவன்?"

"எத்தனை தடவை நீ அவளைப் பாத்திருக்க? நான் தெனமும் பாக்குறேன். ஒரு நாள் தப்பினது இல்ல!"

அந்த நேரம் பார்த்து வென்டெலுக்கு இருமல் வந்துவிட்டது. முதுகில் தட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

எமில்

*

மேசா
மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

மூன்றே காலுக்கு என்றா சொன்னாள்! நம் வம்சத்தில் ரயில் வரும் நேரத்தைக்கூட யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஈஸ்டர் அன்று டெலானி உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். குழந்தைக்கு அங்கே யாரையும் தெரியாது. தெருவில் போகிறவர்கள் அவளைக் கேலி செய்கிறார்கள் போலிருக்கிறது. வேலை நிரந்தரமாகுமா என்று ரொம்பவும் பயந்து கிடக்கிறாள். 'எமில் தாத்தா தினமும் உன்னைப் பார்க்கிறார்' என்று சொன்னேன். "நெஜமாவா பாட்டி? இந்த ஊர்ல அவர் ஒருத்தராவது பாக்குறாரா? அப்ப எல்லாத்தையும் அவர்கிட்டயே கேக்கணும், எந்தக் கையை ரொம்ப ஆட்டுறேன், வேகமா பேசுறேனா, எல்லாம்" என்று போனிலேயே குதித்தாள்.

நீ உண்மையைச் சொல். அவள் அதைத்தான் எதிர்பார்க்கிறாள்.

அம்மா செய்யும் முட்டைக்கோஸ் சுருட்டு செய், இலைக்குள் வைத்துச் சுருட்டும் அரிசியை அவள் பாதி வேக்காட்டில்தான் எடுப்பாள். மறந்துவிடாதே.

ரெஜினா

*

(பக்கத்து வீட்டுக் கதவில்)

மார்ச் 12

வென்டெல்,

தட்டினேன். நீ தூங்குகிறாய். டெலானி ஈஸ்டருக்கு வருகிறாள். என்னை நம்பி வருகிறாள். எந்தக் கையை ஆட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குக் கை இருக்கிறதா என்பதே யூகம்தான். ஆன்டெனாவை உன் வால்நட் மரத்தில் கட்டலாமா?

எமில்

(அடியில்)

கட்டிக்கொள். ஆனால் இந்தத் தடவை நான் ஏறமாட்டேன், நீயும் ஏறக்கூடாது. தீயணைப்பு வண்டியின் ஏணியை ருடியிடம் கேள். — வெ.

*

மேப்பிள் ஹாலோ
மார்ச் 28

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லையே என்று நினைத்திருப்பாய். எழுத உட்கார்ந்தேன். பொய் எழுதத்தான் கை வரவில்லை.

நான் டெலானியை நேற்று வரை பார்த்ததே இல்லை. ஸ்க்ரான்டன் சேனல் இங்கே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன விழுந்ததோ அதை அவள் சொன்னதாக எழுதினேன். அதனால்தான் அவள் ஒருமுறையும் தவறவில்லை. ஆன்டெனாவை வீடு முழுக்கச் சுமந்தேன். கூரையில் வைத்தோம். தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து, அதன் ஏணியில் ருடியை ஏற்றி, ஆன்டெனாவை வால்நட் மரத்தில் கட்டினோம். பாதி ஊர் வேடிக்கை பார்த்தது. நகை விற்பவன், பிரசங்கம், கௌபாய். அதே மூன்றுதான்.

"முப்பத்தொரு வருஷம் கம்பத்துல இருந்தவன், இந்தக் கம்பியைத் திருப்பத் தெரியலையா?" என்று மேலே இருந்தபடி ருடி கத்தினான். அது என்னைக் குத்தியது. எனக்குத் தெரிந்த ஆன்டெனா திருப்பினால் தெரியும். கொஞ்சம் திருப்பு, படத்தில் புள்ளி குறையும். இன்னும் கொஞ்சம், முகம் தெரியும். உனக்கு நினைவிருக்கிறதா, அப்பா நம்மைக் கூரையில் நிறுத்திவிட்டுக் கீழிருந்து "இடது, இடது, போதும்!" என்பாரே?

நேற்று வகுப்பில் அல்தியா அம்மையார், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். வீட்டில் புத்தகம் எங்கே இருக்கிறது? மேசை இழுப்பறையில் ஆன்டெனாவோடு வந்த கையேடு கிடந்தது. பிரிக்கவே இல்லை. எந்த வருஷம் நான் கையேட்டைப் படித்தேன்? அதைக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, அக்கா. 'ஆன்டெனாவை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிவியில் சேனல்களைப் புதிதாகத் தேடச் செய்யவும். இல்லையென்றால் பழைய பட்டியலே இருக்கும்.'

இந்தக் காலத்து டிவி, முதல் நாள் சமையலறையில் கண்டுபிடித்த மூன்றையே நினைவில் வைத்துக்கொண்டு இத்தனை நாளாக எனக்குக் காட்டியிருக்கிறது. நான் எங்கே ஏற்றினாலும் அதற்கு என்ன கவலை?

வகுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டேன். "எங்க போறீங்க எமில்? இன்னும் பத்துப் பக்கம் இருக்கு" என்றார் அல்தியா அம்மையார். "ஒன்பது போதும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடவில்லை, வேகமாக நடந்தேன். 'தேடு' என்ற சொல்லை நானே கண்டுபிடித்து அழுத்தினேன். இருபத்திரண்டு சேனல்! இன்று காலை ஆறு மணிக்கு டெலானி வந்தாள். உன் மூக்கு, அக்கா. வலது கையைத்தான் ஆட்டுகிறாள். பின்னால் இருக்கும் வரைபடத்தில் நம் மலையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். வெயில் என்றாள், இப்போது பனி கொட்டுகிறது. உட்கார்ந்து அழுதேன்.

கழுத்தில் பச்சை ஸ்கார்ஃப் இருந்தது. முடிச்சு இடது பக்கம் சரிந்திருந்தது.

அதைப் பார்த்ததும் உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவன், விரலை வைத்துத்தான் படிப்பேன். அப்போது பயத்தில் வேகமாகப் படித்துவிட்டேன். இன்று விரலை வைத்துப் படித்தேன். முடிச்சு எந்தப் பக்கம் சரிந்தது என்று அரிசோனாவில் இருக்கும் உனக்கு எப்படித் தெரியும்?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

எமில்

*

மேசா
ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

பிடித்துவிட்டாய்.

முதல் நாளிலிருந்தே அவளைப் பார்க்கிறேன். அந்த நிலையம் தன் செய்தியை இன்டர்நெட்டிலும் விடுகிறது. என் மகள் கொடுத்த பலகை மாதிரி டிவியில், இங்கே காபி குடித்துக்கொண்டே பார்க்கிறேன். உன் ஸ்ட்ரீமிங் பெட்டியிலும் வரும், முட்டாளே. நிலையத்தின் பெயரைத் தட்டினால் போதும். தீயணைப்பு வண்டி தேவையில்லை.

பாலைவனத்துக்கு அலை வந்து சேருமா என்று கேட்டேனே தவிர, வராது என்று நான் எழுதவில்லை. என் கடிதத்தை எடுத்து விரலை வைத்துப் பார்.

டெலானி அந்தச் செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி என்று சொல்லவே இல்லை. 'வெளியே துணி காயப்போட நல்ல நாள்' என்றாள். நீ எழுதிய மூன்றே காலைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை ஓடிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ எதைப் பற்றி எழுதுவாய்? 'நான் நலம், வேறு விசேஷம் இல்லை' என்று ஒரு கடிதம் எழுதிவிட்டு நிறுத்தியிருப்பாய். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டு வாசலில் தபாலுக்கு நிற்கிறேன், எமில். டொலோரஸ் நல்ல பெண், அழகாக எழுதுவாள். ஆனால் அவள் என் தம்பி இல்லை.

ஈஸ்டருக்கு வந்த டெலானிக்கு என்ன சொன்னாய்? குழந்தை சாப்பிட்டாளா?

ரெஜினா

*

மேப்பிள் ஹாலோ
ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் விரலை வைத்துத் திரும்பப் படித்தேன். இப்போது இல்லை.

பெயரைத் தட்டினேன். பெட்டியிலும் வந்தாள். இப்போது ஆன்டெனாவில் ஒரு டெலானி, பெட்டியில் ஒரு டெலானி. ஆன்டெனாவில் வருகிறவள் அரை நிமிஷம் முன்னால் பேசுகிறாள். ருடியிடம் சொன்னேன், மரத்தில் கட்டியது வீண் இல்லை என்று. அவன் தினமும் காலையில் இங்கே வந்து உட்காருகிறான். வென்டெலும் வருகிறான். மூன்று பேருக்குக் காபி போட வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் அன்று டெலானி ஆறு முட்டைக்கோஸ் சுருட்டு சாப்பிட்டாள். அரிசி சரியாக இருந்தது.

"சொல்லுங்க தாத்தா, நான் எப்படி?" என்றாள்.

"ரொம்ப நாள் உன்னைப் பாக்காமலேயே பாத்ததாச் சொல்லிட்டேன்மா. நெஜமா பாத்தது மூணே நாள்தான்" என்றேன்.

தட்டில் இன்னொரு சுருட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "பரவாயில்ல தாத்தா, நானும் மழையைப் பாக்காமலேயே சொல்லிட்டுத்தானே இருக்கேன்" என்றாள்.

அந்த மூன்று நாளில் பார்த்ததைச் சொன்னேன். வலது கையைக் குறை. நம் மலைக்கு முன்னால் நிற்காதே, மலைக்குப் பின்னால் இருந்துதான் இங்கே மழை வரும், கம்பத்தில் நின்று முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறேன் என்றேன். ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள். நான் சொல்ல, ஒருத்தி எழுதிக்கொண்டாள், அக்கா.

இன்று காலை மலையை விட்டுத் தள்ளி நின்று, வெயில் என்றாள். வெளியே மழை கொட்டுகிறது. ருடி குடையை மாட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆகவே எழுதுகிறேன், இங்கே நல்ல வெயில்.

இனி உனக்குச் சொல்ல வானிலை ஒன்றும் பாக்கி இல்லை. நீயே பார்த்துக்கொள்கிறாய். எனவே அடுத்த வாரம் வேறு எதையாவது பற்றி எழுதுகிறேன். என்னவென்று இன்னும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பென்சிலைச் சீவி உட்கார்ந்தால் வெள்ளிக்குள் முடித்துவிடுவேன், நீ வாசலில் நில்.

உன் தம்பி,
எமில்